காலி குவார்ட்டர்ஸில் விட்டுவந்த சொல்

சுவிட்ச் அங்கே இல்லை.

கதவைத் தள்ளி உள்ளே வந்து வலது கையை நீட்டினால் சுவிட்ச் போர்டு தட்டுப்படும். லேபில் வேலை பார்க்கும் தமிழ்மொழிக்கு அதற்குக் கண்ணே வேண்டாம். நைட் ஷிஃப்ட் முடிந்து பாதித் தூக்கத்தில் வருகிறவளுக்குக் கை தானாகப் போகும். இன்று கை போன இடத்தில் வெறும் சுவர். விரல்களை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தாள். ஈரச் சுண்ணாம்பு மாவுபோல நுனிகளில் ஒட்டிக்கொண்டது.

வெளியே மார்கழிப் பனி தெருவிளக்கைக்கூட விழுங்கியிருந்தது. ஷிஃப்ட் பஸ் இறக்கிவிட்ட முனையிலிருந்து, ஸ்வெட்டரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கால் கூட்டிவந்த வழியில் அவள் வந்திருந்தாள். அந்த பிளாக்கில் எல்லா வீடும் ஒரே அச்சு. ஒரே மஞ்சள் சுவர், ஒரே பச்சைக் கதவு, வாசலில் ஒரு முருங்கை. அதிலும் இரண்டிரண்டாக ஒட்டிக் கட்டியவை. நடுவில் ஒரே சுவர், இந்த வீட்டில் வலதில் இருப்பதெல்லாம் அந்த வீட்டில் இடதில். ஷிஃப்ட் முடிந்த அசதியில் அடுத்தவர் வீட்டு ஹாலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிய ஆள் ஒருவராவது ஒவ்வொரு தெருவிலும் உண்டு. சிரித்துவிட்டு, காபி கொடுத்து அனுப்புவார்கள்.

இந்த வீட்டில் காபி கொடுக்க ஆளில்லை. ராமலிங்கம் சார் ரிட்டயர் ஆகி வடலூரில் கட்டிய சொந்த வீட்டுக்குப் போனபிறகு பக்கத்து குவார்ட்டர்ஸ் காலி. கரண்டும் இல்லை, தண்ணீரும் இல்லை. வாசலில் கம்பெனி மாட்டிய பூட்டு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது, அதைத் தாங்கவேண்டிய கொண்டி துருப்பிடித்துக் கழன்றிருக்க, கதவு வெறுமனே சாத்திக் கிடந்திருக்கிறது. அவளும் தள்ளியிருக்கிறாள்.

எலிப் புழுக்கை, அடைத்துக் கிடந்த காற்று, எப்போதோ ஏற்றிய ஊதுவத்தியின் கடைசி மிச்சம், அதற்கெல்லாம் அடியில் நெய்வேலியில் எந்த வீட்டையும் விட்டுப் போகாத அந்த எரிந்த நிலக்கரிச் சாம்பல் வாசனை. இருட்டில் நின்று அவள் அதை முகர்ந்தாள். தன்மேலேயே எரிச்சல் வந்தது. உள்ளே எப்போதும் ஓடுகிற வார்த்தைகள், ஆள் இல்லாத வீடு என்ற தைரியத்தில், முதன்முறையாக வாய்வழியாக வெளியே வந்தன.

“தண்டம். சொந்த வீடுகூடத் தெரியல. சோத்துக்குக் கேடு, பூமிக்குப் பாரம். மூஞ்சியப் பாரு.”

காலி அறை அதை ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டது. எதிரொலிதான்.

வெளியே வந்து, சரியான கதவைத் திறந்து, வலது கையை நீட்டினாள். சுவிட்ச் இருந்தது. அன்புமணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தான்.

“இன்னா மேடம், பக்கத்து வூட்ல கதவு சத்தம் கேட்டுச்சு? நீதானா?”

“தூக்கக் கலக்கம்.”

“பர்மனென்ட் ஸ்டாஃபுக்கு கம்பெனி ரெண்டு வூடு குடுத்துட்டான்போல. எங்கள மாதிரி கான்ட்ராக்ட் ஆளுங்களுக்கு ஒண்ணுக்கே வழியில்ல.”

அவனோடு சேர்ந்து அவளும் சிரித்தாள். உடம்பு வினோதமாக லேசாகியிருந்தது. நெஞ்சில் மாட்டியிருந்த முள்ளைத் துப்பிவிட்டதுபோல.

*

அந்த வார்த்தைகளுக்கு ஒரு காரணம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்பா கைநீட்டியதில்லை. பள்ளியில் யாரும் கேலி செய்ததில்லை. டிப்ளமோ முடித்தாள், பரீட்சை எழுதினாள், மைன்ஸிலிருந்து வரும் லிக்னைட் நிலக்கரியில் ஈரம் எவ்வளவு என்று பார்க்கும் லேபில் வேலை கிடைத்தது. வீட்டுக்காரன் நல்லவன். ஆனாலும் காலையில் கண் விழித்ததும் முதலில் விழித்துக்கொள்வது அந்தக் குரல்தான். டம்ளர் கை தவறினால் தண்டம். யாராவது பாராட்டினால், தெரியாமல் பேசுகிறார்கள், தெரிந்தால் காறித் துப்புவார்கள். கண்ணாடியில் பொட்டு வைக்கும்போது பொட்டை மட்டும் பார்ப்பாள்; முகத்தைப் பார்க்கமாட்டாள். குரல் அப்பாவுடையதோ டீச்சருடையதோ அல்ல. அவளுடைய சொந்தக் குரல். அதனால்தான் அதோடு சண்டை போட முடியவில்லை.

யாருக்கும் தெரியாமல் இத்தனை வருஷம் அதை ஓட்டிவிட்டாள். பொங்கலுக்கு முந்தின வாரம், பால் பொங்கி அடுப்பில் வழிந்தபோது மட்டும் வீட்டுக்குள் ஒரே ஒரு முறை, மகள் காதுபட, முணுமுணுத்துவிட்டாள். மறுநாள் மகள் இசைப்பிரியா ஹாலில் பொம்மைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். யூ.கே.ஜி. படிக்கிற பெண், இரட்டைப் பின்னல். ஸ்பூன் சாய்ந்து தண்ணீர் கொட்டியது. குழந்தை பொம்மையைத் திட்டவில்லை. தன் கையைத் தானே பார்த்தாள்.

“தண்டம். சோத்துக்குக் கேடு.”

மழலை மாறாத வாய். ராகம் மட்டும் அப்படியே தமிழ்மொழியுடையது.

பிறகு நிமிர்ந்து பார்த்து, எப்போதும் செய்வதுபோல, தனக்குப் பக்கத்துத் தரையை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினாள். “அம்மா, இங்க உக்காரு.”

தமிழ்மொழி உட்கார்ந்தாள். இது இவளுக்குப் போகக் கூடாது. வேறு எது போனாலும் சரி. என் மூக்கு போகட்டும், என் கறுத்த கழுத்து போகட்டும். இது மட்டும் கூடாது.

அன்றைக்குத்தான் அவளுக்குக் காலி வீட்டின் ஞாபகம் வந்தது.

*

எச்சில் துப்ப வாசலுக்குப் போவதுபோலத்தான் அதைச் செய்தாள். ஷிஃப்ட் முடிந்து வருகிற வழியில் அந்தக் கதவைத் தள்ளி, இருட்டு ஹாலைத் தாண்டி உள் அறைக்குப் போவாள். நடுச் சுவர் மூலையைப் பார்த்து நின்று, அன்றன்றைக்குச் சேர்ந்ததையெல்லாம் வாய்விட்டுச் சொல்லுவாள். மெதுவாகத்தான். முடிந்ததும் உதட்டைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவாள். மகளிடம் கோபமே வராது. அன்புமணிகூடச் சொன்னான்: “இப்பல்லாம் மூஞ்சி தெளிவா இருக்கே. இன்னா, ரகசியமா ஏதாவது கிரீம் பூசுறியா?”

பனி விலகி வெயில் ஏறத் தொடங்கியது. நைட் ஷிஃப்ட் வாரங்களில் பகலில்தான் தூக்கம். மகள் பள்ளிக்கும் அன்புமணி மைன்ஸுக்கும் போனபிறகு ஜன்னலில் கறுப்புப் போர்வையை மாட்டி, நடுச் சுவரை ஒட்டிய கட்டிலில் படுப்பாள். வெளியே சைக்கிள் மணி, கீரைக்காரி, எங்கேயோ குக்கர் விசில். எல்லாம் அடங்கிய பிற்பகல் ஒன்றில், சுவருக்குள் கொதிக்கிற உலைபோல ஒரு முணுமுணுப்பு கேட்டு விழித்தாள். ஒரு பெண் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். வார்த்தை புரியவில்லை, அந்தத் தொனி புரிந்தது. கத்தல் இல்லை, அவசரம் இல்லை, தினமும் செய்கிற வேலைபோல. திட்டு வாங்குகிறவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

யாரோ குடிவந்துவிட்டார்கள்போல என்றுதான் முதலில் நினைத்தாள். பாவம், யாரைப் போட்டு இப்படி வாட்டுகிறாளோ.

காதைச் சுவரில் வைத்தாள். சுவர் சில்லென்று இருந்தது.

“...சோத்துக்குக் கேடு, பூமிக்குப் பாரம். மூஞ்சியப் பாரு.”

கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வாய் மூடித்தான் இருந்தது.

குரல் தொடர்ந்தது. போன வாரம் மூலையில் நின்று சொன்னவை வரிசையாக வந்தன. அதற்குமுன் சொன்னவையும் வந்தன. அதற்கப்புறம், அவள் ஒருநாளும் சொல்லாதவை வந்தன. நினைத்திருக்கிறாள், சொன்னதில்லை. பிரசவ வார்டில் குழந்தையைக் கையில் வாங்கியபோது நினைத்தது: இந்தப் பிஞ்சுக்கு நானா அம்மா, இதைவிட இதுக்கு வேற கேடு வேணுமா. அதை அந்தப் பக்கத்தில், நிதானமாக, அவள் குரலிலேயே யாரோ சொன்னார்கள்.

சாயங்காலம் அன்புமணியிடம் கேட்டாள். “பக்கத்து வீட்ல யாராச்சும் வந்திருக்காங்களா?”

“யாரு வருவா? கூரை ஒழுவுது, வேணாம்னுதானே எல்லாம் வுட்டுட்டுப் போறான். எலி இருக்கும், இல்லன்னா பூனை குட்டி போட்டிருக்கும்.”

“பேச்சுக் குரல் மாதிரி...”

“பகல்ல ஒழுங்கா தூங்கு மொழி. கண்ணு உள்ள போய்க்கெடக்கு.”

அதன்பிறகு அவள் அங்கே போகவில்லை. கட்டிலைச் சுவரிலிருந்து இழுத்து அறையின் மறுபக்கம் போட்டாள். போகாமல் இருந்தால் அடங்கிவிடும் என்று நினைத்தாள். சோறு வைக்கிறதை நிறுத்தினால் தெருநாய் வேறு வாசல் பார்த்துப் போய்விடும்.

அது போகவில்லை. பசியில் குரைக்க ஆரம்பித்தது.

*

கட்டில் இருந்த காலி இடத்தில், ஒரு மாலை, இசைப்பிரியா உட்கார்ந்திருந்தாள். யூனிஃபார்ம்கூட மாற்றவில்லை. கன்னத்தைச் சுவரில் அழுத்தி, கண்களை மூடியிருந்தாள். உதடு மெல்ல அசைந்தது.

“இசை! அங்க என்ன பண்ற?”

“உஷ்.” விரலை உதட்டில் வைத்தாள். “அந்தப் பக்க அம்மா திட்டுறாங்க.”

“எந்த அம்மா?”

“அந்தப் பக்க அம்மாதாம்மா.” இதுகூடத் தெரியாதா என்பதுபோலப் பார்த்தாள்.

“யாரத் திட்டுறாங்க?”

“அவங்களயே. பாவம்மா. நான் தட்டுனா அவங்களும் தட்டுறாங்க.” சின்னக் கை சுவரில் இரண்டு தட்டுத் தட்டியது. “என்னையும் வரச் சொன்னாங்க. நீயும் என்ன மாதிரிதான்னு சொன்னாங்க.”

சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து, மிக மெதுவாக, இரண்டு தட்டுகள்.

தமிழ்மொழி குழந்தையை அள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். எதிர்வீட்டுச் சந்திரகலா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். “என்ன மொழி, பேயக் கண்டமாதிரி ஓடியாற?” என்ன சொல்லுவாள்? அங்கே இருப்பது நான் போட்ட குப்பை அக்கா என்றா? என் குப்பை என் பிள்ளையைக் கூப்பிடுகிறது என்றா?

பக்கத்து வீட்டுக் கதவு திறந்து கிடக்கிறது, குழந்தை உள்ளே போய்விடும் என்று மட்டும் அன்புமணியிடம் சொன்னாள்; அவன் டவுன்ஷிப் ஆபீஸில் சொல்லிவிட்டு வந்தான். அந்த வாரமே இரண்டு பேர் வந்தார்கள். அவர்களில் மூத்தவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து கையைத் தட்டிக்கொண்டார். “ஒண்ணும் இல்லம்மா. நாலு எலி, ஒரு காலண்டரு. யாரோ அந்த மூலைல வந்து குந்திக்கினு இருந்துருப்பாங்கபோல, சுவத்துல தலை வச்ச எண்ணெய்க் கறை இருக்குது. ரெண்டு எடத்துல.”

“ரெண்டு எடத்துலயா?”

“ஆமா. ஒண்ணு இவ்ளோ ஒசரம்.” இடுப்பருகே கையைக் காட்டினார். பிறகு முழங்கால்வரை இறக்கினார். “இன்னொண்ணு இவ்ளோதான். புள்ளைங்க வெளையாடி இருக்கும்.”

புதிய கொண்டி அடித்து, புதிய பூட்டைப் போட்டு, இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்தப் பூட்டின் பளபளப்பை அவள் அன்றைக்கு எத்தனையோ தடவை போய்ப் பார்த்தாள். சுவர் அமைதியாக இருந்தது. மறுநாளும் அமைதி. மகள் சாப்பிட்டாள், பாட்டுப் பாடினாள், ஸ்கேலை உடைத்துவிட்டு “போனா போகுது” என்றாள். தமிழ்மொழி அடுப்படியில் போய் நின்று அழுதாள். தப்பித்துவிட்டோம்.

*

கோடை மழை சொல்லாமல் வந்தது. பொழுது சாயுமுன்பே வானம் கறுத்து, காற்று சாம்பலைக் கிளப்பிக் கொடிகளில் காய்ந்த துணிகளில் அப்பியது. தமிழ்மொழி பின்பக்கம் ஓடித் துணிகளை உருவினாள். முதல் சொட்டுகள் சூடான சிமெண்டில் விழுந்து ஆவி எழுந்தது. எங்கேயோ இடி. கரண்ட் போனது. தெரு முழுக்க ஃபேன்கள் நிற்கிற சத்தம், அதன்பின் மழையின் சத்தம் மட்டும்.

துணிக் குவியலோடு உள்ளே வந்தாள். “இசை?”

ஹாலில் பொம்மை மட்டும் உட்கார்ந்திருந்தது.

“இசை! மழைல நனையாத, வா!”

அடுப்படியில் இல்லை. குளியலறையில் இல்லை. வாசலில் செருப்பு இருந்தது. எதிர்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள் அறைக்குள் பார்த்தாள். போர்வை மாட்டிய ஜன்னல், குகைபோல இருட்டு. “இசை?”

பதில் சுவரிலிருந்து வந்தது.

அதே குரல். அதே நிதானம். அதோடு சேர்ந்து, அரை மூச்சு பின்தங்கி, பாடம் ஒப்பிப்பதுபோல இன்னொரு குரல். மழலை மாறாதது.

வாசலுக்கு ஓடினாள். புதிய பூட்டு அப்படியே இருந்தது. பின்பக்கம். வேலிச் செடிகளை விலக்கி, சேற்றில் வழுக்கி, அந்த வீட்டுக் கொல்லைக்குள் போனாள். கொல்லைக் கதவு உள்பக்கம் தாழ் போட்டிருக்கவேண்டும்.

திறந்திருந்தது.

உள்ளே எல்லாம் அவள் வீடு. எல்லாம் மாறிய பக்கத்தில். அடுப்படி மேடை இடதில். குழாய் வலதில். கை தானாகச் சுவிட்சைத் தேடியது. ஈரச் சுவர். எங்கோ கூரை ஒழுகி, டொக். டொக். கால் சாம்பலில் பதிந்தது. சின்னப் பாதச் சுவடுகள் எதுவும் இல்லை. பழையவை மட்டும் இருந்தன. அவளுடையவை. எல்லாம் உள்ளே போகிறவை.

உள் அறை.

மூலையில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். சுவரைப் பார்த்து. நெற்றி சுவரில் சாய்ந்திருந்தது. தமிழ்மொழியின் லேப் கோட். தமிழ்மொழியின் கறுத்த கழுத்து, அவள் கண்ணாடியில் ஒருநாளும் பார்க்காத பின்கழுத்து. குரல் அந்த முதுகிலிருந்து வந்தது.

அவளுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒருத்தி. இரட்டைப் பின்னல். பள்ளி யூனிஃபார்ம். அவளும் சுவரைப் பார்த்து.

“தண்டம்,” என்றாள் பெரியவள்.

“தண்டம்,” என்றாள் சின்னவள்.

“இசை... கண்ணு... அம்மாகிட்ட வாடி.”

யாரும் திரும்பவில்லை.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம், தன் வீட்டுக்குள், வாசல் கதவு திறந்தது. அன்புமணியின் குரல். மழையில் நனைந்து வந்து தலையை உதறுகிற சத்தம்.

“மொழி! எங்க இருக்க? பாப்பா இங்க உள் ரூம்ல இருட்டுல தனியா குந்திக்கினு இருக்கா பாரு!”

தமிழ்மொழி நடுச் சுவரைப் பார்த்தாள்.

“சுவத்து மூலைல ஒளிஞ்சிக்கினு இன்னாடி பண்ற? ஏய், இசை. எதுக்கு இப்படி சுவத்தையே பாத்துக்கினு இருக்க? அப்பாவப் பாரு. வாயில இன்னா முணுமுணுக்கிற?”

மகள் அங்கே இருக்கிறாள். பத்திரமாக. அப்பாவின் கைக்கெட்டும் தூரத்தில். ஒரு செங்கல் கனத்துக்கு அந்தப் பக்கம்.

இந்தப் பக்கத்தில் சின்னவள் நெற்றியைச் சுவரில் இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். “சோத்துக்குக் கேடு,” என்றாள். சுவரின் மறுபக்கத்திலும் அதே குரல், அதே நொடியில், அதையே சொன்னது.

சொல்லவேண்டும். இப்போதே சொல்லவேண்டும். நீ அப்படி இல்லடி. நீ தங்கம். அம்மா சொன்னதெல்லாம் பொய். அம்மாவும் அப்படி இல்ல. அந்தக் கடைசி வார்த்தையில் நெஞ்சு முரண்டு பிடித்தது. அதை அவளால் நம்ப முடியவில்லை. இருந்தாலும் முழு உயிரையும் திரட்டி வாயைத் திறந்தாள்.

“பூமிக்குப் பாரம்.”

அவள் வாய்தான். அவள் நாக்குதான்.

மறுபடி திறந்தாள். கண்ணு என்று சொல்ல. கண்ணு என்ற ஒரே ஒரு வார்த்தை.

“மூஞ்சியப் பாரு.”

மூலையில் பெரியவள் பேச்சை நிறுத்தினாள். அவள் வேலை முடிந்துவிட்டது. உட்கார்ந்தபடியே கொஞ்சம் நகர்ந்தாள். இருவருக்கும் நடுவில், ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு, சாம்பல் படிந்த தரை தெரிந்தது.

சின்னவள் திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் நீட்டினாள். அந்தக் காலி இடத்தை உள்ளங்கையால் தட்டினாள்.

இரண்டு தட்டு.

“அம்மா. இங்க உக்காரு.”